விமானம் வருமுன் அதற்கு ஆள் வேண்டும்

மதிப்பிற்குரிய கடலூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

1963-இல் நம் விமானப்படையில் சேர்ந்த மிக்-21 ரகப் போர் விமானங்கள் 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றன. இப்படி ஓய்வுபெறும் விமானங்களைக் கல்வி நிலையங்களிலும் பொது இடங்களிலும் காட்சிக்கு வைக்கக் கொடுப்பது விமானப்படையின் வழக்கம். நம் மாவட்டத்துக்கும் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள் என்று வேண்டவே இம்மடல். ஆனால் அதற்கு முன்பே, அதைப் பார்த்துக்கொள்ள ஒரு தொண்டர் குழுவுக்கு அனுமதி கொடுங்கள். இந்த இரண்டாவது கோரிக்கைதான் எனக்கு முக்கியம்.

கம்பத்தின் மேல் ஏற்றி ரவுண்டானாவில் நிறுத்தும் விமானங்களின் கதி தெரிந்ததுதான். திறப்பு விழாவோடு எல்லோரும் மறந்துவிடுவார்கள். இன்ஜினுக்குக் காற்று போகும் வாயில் மைனா கூடு கட்டும். சக்கரம் மடங்கும் குழியில் மழைத்தண்ணீர் நிற்கும். விமானி உட்காரும் இடத்தின் கண்ணாடி மூடி வெயிலில் மங்கிப்போகும். அலுமினியத்துக்கு உப்புக்காற்று பெரும்பகை. பெயின்ட் உரிந்த இடத்தில் முதலில் வெள்ளைத்தூள் பூக்கும். கவனிக்காவிட்டால் தகடு ஏடு ஏடாகக் கழன்றுவிடும். 2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் நம் பலா, முந்திரித் தோப்புகளை என்ன செய்தது என்பதைப் பார்த்த யாரும் இங்கே கம்பத்தில் விமானத்தை நிறுத்தச் சொல்லமாட்டார்கள்.

நான் சிதம்பரத்துக்காரன். கோயில்களைச் சுத்தம் செய்யும் உழவாரப்பணிக் குழு ஒன்றில் பல வருடமாக இருக்கிறேன். அந்தப் பணிக்கு வழிகாட்டிய அப்பர் பிறந்த திருவாமூர் பண்ருட்டிப் பக்கம். கல்லோடு கட்டிக் கடலில் தள்ளியபோது அவர் கரையேறியதாகச் சொல்லும் திருப்பாதிரிப்புலியூர் கடலூரிலேயே இருக்கிறது. வங்கி மேலாளரும் பெயின்டரும் கல்லூரிப் பிள்ளையும் ஒரே வரிசையில் உட்கார்ந்து புல் செதுக்குவதும், மதியம் ஒரே அண்டா சாம்பார் சாதத்தைப் பகிர்வதும் இந்த மண்ணில் புதிதல்ல. பழைய விமானங்களைக் காப்பவர்கள் உலகெங்கும் செய்வதும் இதே பணிதான்.

1940-ஆம் ஆண்டின் கடைசி நாளில் ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரியில் இறங்கி மூழ்கிய வெலிங்டன் குண்டுவீச்சு விமானத்தை 1985-இல் வெளியே எடுத்தார்கள். அது பிறந்த புரூக்லண்ட்ஸ் ஆலை வளாகத்தில் இன்று அருங்காட்சியகம் இருக்கிறது. நைந்து கிடந்த உலோகக் கூட்டை அங்கே வருடக்கணக்கில் உட்கார்ந்து சீராக்கியவர்கள் தொண்டர்கள்.

இந்த வேலையைத் தனியாளாகச் செய்யவும் முடியாது. ஒரு ரிவெட் அடிக்க வேண்டும் என்றால் வெளியே ஒருவர் சுத்தியலோடு நிற்பார். உள்ளே, இருட்டில் முடங்கிக்கொண்டு, இன்னொருவர் இரும்புக் கட்டையை முட்டுக் கொடுப்பார். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. சரியாகப் பிடித்ததா, இன்னும் ஒரு அடி வேண்டுமா என்பதைத் தகட்டைத் தட்டியே சொல்லிக்கொள்வார்கள். அப்படிச் சில மாதம் வேலை பார்த்த இருவருக்கிடையே வரும் நெருக்கத்தை எந்தச் சங்கக் கூட்டத்திலும் உண்டாக்க முடியாது.

நம்மவர்களுக்கு இது கைவருமா என்ற ஐயம் வேண்டாம். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் மீண்டும் பறக்கக்கூடாதென்று பிரிட்டிஷார் சேதப்படுத்திக் கான்பூரில் விட்டுப்போன லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்து ஆட்கள்தான் உயிர்ப்பித்துப் பெங்களூருக்குப் பறக்க வைத்தார்கள். 1968 வரை அவை நம் படையில் இருந்தன. பிரிட்டனின் அரச விமானப்படை அருங்காட்சியகத்திலும், அமெரிக்காவின் அரிசோனாவில் பிமா அருங்காட்சியகத்திலும் இன்று நிற்கும் லிபரேட்டர்கள் இங்கிருந்து போனவை. உலகம் அவற்றைப் பொக்கிஷமாக வைத்திருக்கிறது. உயிர்ப்பித்தவர்களின் ஊரில் அந்தக் கதை தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

கடலூர் மாவட்டத்துக் கிராமங்களில் விமானப்படையிலிருந்து ஓய்வுபெற்று வந்த தொழில்நுட்பக்காரர்கள் இருக்கிறார்கள். நெய்வேலியில் ஃபிட்டர்களும் வெல்டர்களும் இருக்கிறார்கள். ஐ.டி.ஐ. மாணவர்கள், அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர்கள் இருக்கிறார்கள். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் நிறுத்தியிருந்த இரண்டு பழைய விமானங்களின் பக்கத்தில், மற்ற மாணவர்கள் விடுதிக்குப் போன பிறகும் உட்கார்ந்திருந்ததாக அப்துல் கலாம் எழுதியிருக்கிறார். அதுபோல ஒரு பிள்ளைக்கு விருத்தாசலத்திலோ காட்டுமன்னார்கோவிலிலோ பக்கத்திலேயே ஒன்று கிடைக்கட்டுமே.

இடத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். சிதம்பரத்தில் வைத்தால் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும் பிச்சாவரத்து உப்புக்காற்று இங்கே வரும். கடலைவிட்டு உள்ளே தள்ளியிருக்கும் நெய்வேலி, அதுவும் அங்குள்ள விமான ஓடுதளத்தை ஒட்டி, சிறந்த இடம். ஓடுதளத்தின் பொறுப்பில் இருப்பவர்களிடம் நீங்கள் பேசினால் நடக்கும்.

செலவு அதிகமில்லை. மேலே கூரை, தண்ணீர், மின்சாரம், கருவிகள் வைக்கப் பூட்டோடு ஒரு அறை. ஆபத்தில் விமானியின் இருக்கையை வெளியே வீசும் வெடிமருந்து நீக்கப்பட்டதற்கான சான்றை விமானப்படையிடம் எழுத்தில் வாங்குங்கள். தொண்டர்களுக்கு அடையாள அட்டையும் விபத்துக் காப்பீடும் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சாவி குழுவிடம் இருக்கவேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் கதவு திறக்க ஒரு அலுவலரிடம் மனுப்போட வேண்டியிருந்தால் மூன்றாவது ஞாயிறு யாரும் வரமாட்டார்கள்.

அதோடு, உளுந்தூர்ப்பேட்டை அருகே இரண்டாம் உலகப்போர்க் கால ஓடுதளம் கிடக்கிறது. இப்போது அது கள்ளக்குறிச்சி மாவட்டம். ஆனால் பழைய தென்னார்க்காட்டின் சொத்து. அதைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வதைப் பதிவு செய்யும் வேலையையும் இந்தக் குழுவுக்கே தரலாம். அந்த மாவட்ட ஆட்சியருக்கு நீங்கள் ஒரு கடிதம் எழுதினால் போதும்.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில், வேலை தெரிந்தவர்களின் பெயர்ப்பட்டியலும் கூரைக்கான வரைபடமும் எடுத்துக்கொண்டு நாங்கள் சிலர் நேரில் வருகிறோம். எந்தத் திங்கள் என்று சொல்லியனுப்புங்கள்.

இப்படிக்கு,
சிதம்பரத்திலிருந்து ஓர் உழவாரப்பணித் தொண்டர்