சுமைதாங்கிக் கல்லும் இரண்டு மணி நேரமும்

நாட்டார் வழக்காறு குறித்த தாளை நடத்தும்போதெல்லாம் சுமைதாங்கிக் கல்லைப் பற்றி நாம் சொல்வதுண்டு. செங்குத்தாக நட்ட இரு கற்கள், அவற்றின்மேல் குறுக்கே கிடத்திய ஒரு பலகைக்கல். விறகுக்கட்டோ நெல்மூட்டையோ சுமந்து வருபவர், பிறர் கை கொடுக்காமலே தம் தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டு, இளைப்பாறிய பின் தாமே ஏற்றிக்கொண்டு போவதற்கான உயரத்தில் அமைந்திருக்கும். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவளுடைய வீட்டார் வழியோரத்தில் நட்டுவைத்தது அது. இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவளின் பெயரால் ஊரார் சுமை இறங்கட்டும் என்பது அந்த எளிய மனிதர்களின் எண்ணம். போரில் மடிந்தவனுக்கு நடுகல் உண்டு. பாடத்திட்டத்தில் அதற்கு இடமும் உண்டு. பேற்றில் மடிந்தவளின் கல்லைப் பற்றி ஒரு தேர்வுத்தாளிலும் வினா வந்து நாம் பார்த்ததில்லை.

ஒருமுறை இதைச் சொல்லி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி, "எங்க ஊர்லயும் ஒண்ணு இருந்துச்சும்மா. ரோடு அகலமாக்கினப்போ எடுத்துட்டாங்க" என்றாள். சாலை அகலமாகிவிட்டது, இனி அந்தக் கல்லுக்குத் தேவையிருக்காது என்றுதான் அன்று நாமும் எண்ணினோம்.

அந்த எண்ணத்தை மாற்றியது நம் முன்னாள் மாணவி ஒருத்திக்கு நேர்ந்தது. திருப்போரூருக்குக் கிழக்கே, பக்கிங்காம் கால்வாயை ஒட்டிய சிற்றூரில் வாழ்க்கைப்பட்டவள். கணவன் சிறுசேரியில் ஒரு நிறுவனக் கட்டடத்தில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளன். ஒருநாள் முற்பகல் பதினொரு மணிக்கு அவளுக்கு அடிவயிற்றில் வலி தொடங்கியது. நாள் தள்ளிப்போயிருந்தது, இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. "அவன் வரட்டும்டி, தனியா உன்னை எங்கன்னு கூட்டிக்கிட்டுப் போவேன்" என்றார் மாமியார். அவன் பணிமாற்றம் முடிந்து வர மணி மூன்று. பக்கத்துச் சிகிச்சையகத்தில் வாயுத் தொல்லை என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். மாலையில் மயங்கி விழுந்தாள். பழைய மகாபலிபுரம் சாலையிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்து, வயிற்றுக்குள் இரத்தம் தேங்கியிருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். முன்பணமாகக் கேட்ட தொகை அவனுடைய ஐந்து மாதச் சம்பளம். அங்கிருந்து 108 ஊர்தி, பிறகு தொலைவிலுள்ள பெரிய அரசு மருத்துவமனை. அறுவை அரங்கிற்குள் அவளைக் கொண்டு சென்றபோது இரவு மணி பத்தரை. கருப்பைக்கு வெளியே, கருக்குழாயில் தங்கிய கரு வளர்ந்து குழாயை வெடிக்கச் செய்திருந்தது. ஒரு குழாயை இழந்து உயிர் பிழைத்தாள்.

முற்பகல் பதினொன்றிலிருந்து இரவு பத்தரை வரை, பதினொன்றரை மணி நேரம். அவளுடைய வீட்டிலிருந்து செங்கல்பட்டு முப்பது கிலோமீட்டருக்கு மிகாது. சென்னை எழும்பூர் ஐம்பதுக்கு மிகாது. தொலைவு என்ற சொல்லுக்கு நாம் கொண்டிருந்த பொருள் இங்கே உதவவில்லை.

அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் ஆகிய இருவர் 1994இல் எழுதிய ஒரு கட்டுரை மகப்பேற்று மரண ஆய்வுகளில் இன்றும் அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது. மூன்று தாமதங்களை அவர்கள் பிரித்துக் காட்டினார்கள். மருத்துவரிடம் போவது என்று முடிவெடுப்பதில் ஏற்படுவது முதலாவது. போய்ச்சேர்வதில் ஏற்படுவது இரண்டாவது. போய்ச்சேர்ந்த இடத்தில் உரிய சிகிச்சை கிடைப்பதில் ஏற்படுவது மூன்றாவது. நம் மாணவியின் பதினொன்றரை மணி நேரத்தை இந்த மூன்று கூடைகளில் போட்டுப் பார்த்தால், சாலையில் கழிந்தது ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. மற்றதெல்லாம் வீட்டு வாசலிலும் சிகிச்சையக வாசலிலும் கழிந்தது.

மேலைநாட்டு அறிஞர் சொல்லித்தான் இதை நாம் அறியவேண்டும் என்பதில்லை. திருச்சிராப்பள்ளித் தாயுமானவர் கதையை எல்லோரும் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறோம். இரத்தினாவதிக்குப் பேறுகாலம் நெருங்குகிறது. தாய் பூம்புகாரிலிருந்து புறப்பட்டும் விடுகிறாள். காவிரியில் வெள்ளம், அக்கரையிலேயே நின்றுவிடுகிறாள். இறைவன் தாய் வடிவில் வந்து பேறு பார்க்கிறான். பக்திக்கதையாக மட்டுமே இதைப் படித்துப் பழகிவிட்டோம். பேறுகாலத்தில் வரவேண்டியவர் வந்துசேராமற்போவது எத்தனை வீடுகளில் நிகழ்ந்திருந்தால், அதற்கென்றே ஒரு கடவுளை மலைமேல் அமர்த்தி வழிபடத் தோன்றியிருக்கும்? வாழைத்தாரோடு அங்கே நேர்ந்துகொண்டு போகும் பெண்களின் வரிசை இன்றும் குறையவில்லை.

தெய்வம் வராத இரவுகளும் உண்டு. செங்கல்பட்டிலிருந்து தெற்கே போகும் அதே நெடுஞ்சாலையில், திண்டிவனத்தில், 1890களில் ஓரிரவு நடந்தது மருத்துவ வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. அமெரிக்க மிஷன் மருத்துவர் ஜான் ஸ்கடரின் வீட்டுக் கதவை ஒருவர்பின் ஒருவராக மூன்று ஆண்கள் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் இசுலாமியர், இன்னொருவரும் உயர்சாதியினர். மூவருடைய மனைவியரும் பேற்றுவலியில் துடித்துக்கொண்டிருந்தார்கள். மருத்துவர் வரத் தயாராக இருந்தும், ஆண் மருத்துவரை அனுமதிக்க அவர்கள் இசையவில்லை. அவருடைய மகள் ஐடாவை அழைத்தார்கள். அவளோ அப்போது மருத்துவம் படிக்காத இளம்பெண். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா ஸ்கடர் அமெரிக்கா சென்று 1899இல் மருத்துவப் பட்டம் பெற்றுத் திரும்பி வேலூரில் தொடங்கிய பணிதான் இன்று பெரும் மருத்துவக் கல்லூரியாக நிற்கிறது. சென்னையில் மேரி ஷார்லிப் 1885இல் கோஷா மருத்துவமனையைத் தொடங்கியதும் இதே காரணத்தால்தான். அன்று மருத்துவருக்கும் நோயாளிக்கும் இடையே நின்றது வழக்கம். அந்த வழக்கத்தை ஏறக்குறைய உடைத்துவிட்டோம். அதே இடத்தில் முன்பணம் வந்து நின்றுகொண்டது. மயக்க மருந்து நிபுணர் இல்லாத இரவும், இரத்தம் இல்லாத பெட்டியும் அதனோடு சேர்ந்துகொண்டன.

தமிழ்நாட்டின் சாதனையைக் குறைத்துச் சொல்வது நம் நோக்கமன்று. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்களை அமர்த்தி இருபத்துநான்கு மணி நேரமும் பேறு பார்க்கச் செய்ததும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் திட்டமும், 2008 செப்டம்பரில் தொடங்கிய 108 ஊர்திச் சேவையும், சீமாங்க் மையங்களும் பல மாநிலங்கள் இன்னும் எட்டாதவை. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே நூற்றுக்கு 99க்கும் மேற்பட்ட பேறுகள் மருத்துவமனைகளில் நிகழ்ந்தன. 2018-20ஆம் ஆண்டுகளுக்கான மாதிரிப் பதிவுக் கணக்கில், ஒரு இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு மகப்பேற்று மரணம் இந்தியாவில் 97, அசாமில் 195, தமிழ்நாட்டில் 54. பக்கத்துக் கேரளத்தில் 19. அசாமைப் பார்த்தால் பெருமைப்படலாம். கேரளத்தைப் பார்த்தால் தலைகுனியலாம். நாம் பெரும்பாலும் அசாமையே பார்க்கிறோம்.

இந்த எண்கள் எல்லாமே இறப்பையோ பிறப்பையோ எண்ணுபவை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மணி நேரங்களை எந்தக் கணக்கெடுப்பும் எண்ணுவதில்லை. வட்டாரத்துக்கு வட்டாரம் உள்ள ஏற்றத்தாழ்வு ஒளிந்திருப்பது அந்த மணி நேரங்களில்தான் என்பது நம் கருத்து.

மருத்துவர்கள் சொல்லும் ஒரு கணக்கு உண்டு. சிகிச்சை கிடைக்காவிட்டால், பேற்றுக்குப் பின் தொடங்கும் பெரும் உதிரப்போக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் உயிரைக் குடித்துவிடும். பேற்றுக்கு முந்தைய உதிரப்போக்குக்குப் பன்னிரண்டு மணி நேரம், தடைபட்ட பேற்றுக்கு மூன்று நாள், நச்சுத்தொற்றுக்கு ஆறு நாள். முதல் எண்ணை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு திருப்போரூர் வட்டத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். மானாமதியிலிருந்தோ கடற்கரைக் குப்பங்களிலிருந்தோ ஊர்தி புறப்படுகிறது. கிருத்திகை நாளாயின் கந்தசாமி கோயிலைச் சுற்றிக் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை மாலையாயின் மாமல்லபுரத்திலிருந்து நகரத்துக்குத் திரும்பும் மகிழுந்துகளின் வரிசை. செங்கல்பட்டுச் சாலையில் காப்புக்காட்டைக் கடந்து இரவில் போகவேண்டும். ஒருமுறை இறக்கி, "இங்கே முடியாது" என்று வேறிடத்துக்கு அனுப்பினால் அந்த இரண்டு மணி நேரம் தீர்ந்துவிடும். இரண்டு முறை இறக்கி ஏற்றினால் என்னவாகும் என்பதற்கு மருத்துவப் படிப்பு தேவையில்லை.

மருத்துவமனைகள் எங்கே இருக்கின்றன என்பதையும் சற்றுப் பார்க்கவேண்டும். சென்னையில் மகளிருக்கென்றே அமைந்த மூன்று பெரும் அரசு மருத்துவமனைகள் எழும்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் இராயபுரத்திலும் உள்ளன. எழும்பூர் மருத்துவமனை 1844இல் தோன்றியது. மூன்றுமே பத்தொன்பதாம் நூற்றாண்டில், அன்றைய நகரத்தின் எல்லைக்குள், சில கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்தவை. அதன்பின் நகரம் தெற்கு நோக்கி நடந்தது. 2000இல் தரமணியில் டைடல் பூங்கா எழுந்தது. சாலை ஆறுவழியானது. சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரி, கேளம்பாக்கம் என்று அடுக்குமாடிகள் திருப்போரூர் வாசல்வரை வந்துவிட்டன. கணினியும் வந்தது, கல்லூரியும் வந்தது, பல சிறப்பு மருத்துவத் துறைகள் கொண்ட தனியார் மருத்துவமனைகளும் வந்தன. இந்த வழியில் பயிர்நிலத்தைக் கொடுத்தவர்களுக்கும் உப்பளத்தில் வேலை இழந்தவர்களுக்கும் 1965இல் தொடங்கிய செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரியே இன்றும் கதி. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. மாவட்டத்தின் பெயர்ப்பலகை மாறியதே தவிர, நெடுஞ்சாலை விபத்துகள் முதல் பேற்றுச் சிக்கல்கள்வரை எல்லாம் வந்து விழும் அந்த ஒரே வாசல் அப்படியேதான் இருக்கிறது. அங்கே இரவுபகலாக உழைக்கும் மருத்துவர்களையும் செவிலியர்களையும் குறை சொல்ல நமக்கு மனமில்லை.

இன்னொரு எண்ணையும் சொல்லவேண்டும். மேற்சொன்ன குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பேறுகள் வயிற்றைக் கீறி எடுத்தவை. தனியார் மருத்துவமனைகளில் அது 64ஐத் தொடுகிறது. தேவையற்ற இடத்தில் கத்தி காத்திருக்கிறது. தேவைப்பட்ட இடத்தில் பெண் காத்திருக்கிறாள். அறுவை செய்யத் தெரிந்தவர்கள் நம்மிடையே இல்லாமலில்லை. அவர்கள் எங்கே, எந்த நேரத்தில், யாருக்காக இருக்கிறார்கள் என்பதே கேள்வி.

நம் மாணவியின் கதையில் நம்மை மிகவும் உறுத்துவது வேறொன்று. தமிழ்நாட்டில் கருவுற்ற பெண் கிராமச் செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் பெற்றுவிட்டால், அதன்பின் அவளை ஓரளவு விடாமல் தொடர்ந்து கவனிக்கும் ஏற்பாடு இருக்கிறது. பேற்று நாள் நெருங்கினால் வீடு தேடியும் வருவார்கள். கருக்குழாய்க் கரு பெரும்பாலும் ஆறாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் வெடிக்கிறது. அப்போது அவள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. கருச்சிதைவில் உதிரம் கொட்டுபவளும், சூலகம் முறுக்கிக்கொண்டு துடிக்கும் திருமணமாகாத பெண்ணும் இப்படித்தான். நம் பெண்கள் நலத் திட்டங்கள் எல்லாம் பிள்ளை பெறப்போகும் பெண்ணை நோக்கியே கட்டப்பட்டவை. பிள்ளை இல்லாத வயிற்று வலிக்கு 'கேஸ்' என்ற ஒற்றைச் சொல்தான் மருந்து. ஒரு நாள் தள்ளிப்போயிருக்கிறதா என்று கேட்கவும், சிறுநீரில் ஒரு துளி எடுத்துச் சோதிக்கவும் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

மலைகளைப் பற்றிப் பேசினால் இது இன்னும் நீளும். நாமக்கல் மாவட்டத்துப் போதமலை மக்கள் பல பத்தாண்டுகள் சாலையின்றி, நோயாளிகளையும் கருவுற்ற பெண்களையும் தூளி கட்டித் தூக்கி இறக்கியவர்கள். மலை என்றால் காரணம் கண்ணுக்குத் தெரிகிறது. செய்தித்தாளில் படமும் வருகிறது. ஆறுவழிச் சாலைக்கு அருகில் காத்திருப்பவளின் படத்தை எவர் எடுப்பது?

தமிழ்நாட்டில் மகப்பேற்று மரணம் ஒவ்வொன்றையும் தணிக்கை செய்யும் வழக்கம் முப்பது ஆண்டுகளாக இருக்கிறது. எந்த ஊர், எத்தனை மணிக்கு, யார் பார்த்தார், ஏன் அனுப்பினார் என்று மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் விசாரிக்கிறார்கள். மிக நல்ல வழக்கம். ஆனால் அந்த விசாரணைக்குத் தகுதி பெற ஒரு பெண் சாகவேண்டியிருக்கிறது. சாவின் விளிம்புவரை சென்று மீண்டவர்களைப் பற்றியும் விசாரிக்கவேண்டும் என்று இந்திய அரசு 2014 டிசம்பரிலேயே வழிகாட்டுநெறி வெளியிட்டுவிட்டது. அதை ஒவ்வொரு வட்டத்திலும் ஒழுங்காக நடைமுறைப்படுத்தி, வலி தொடங்கிய நேரம், முதலில் பார்த்த இடம், அங்கிருந்து அனுப்பிய நேரம், கத்தி வைத்த நேரம் ஆகிய நான்கையும் எழுதி, ஆண்டுக்கொருமுறை வட்டவாரியாக வெளியிட்டால் போதும். எழும்பூருக்கு அருகில் வாழும் பெண்ணுக்கு எத்தனை மணி நேரம், மானாமதிப் பெண்ணுக்கு எத்தனை மணி நேரம் என்று பக்கத்தில் பக்கத்தில் அச்சாகட்டும். இரத்த சேமிப்பு மையம் எங்கே வேண்டும், இரவில் மயக்க மருந்து நிபுணர் எங்கே வேண்டும் என்பதை அந்தப் பட்டியலே காட்டிக்கொடுத்துவிடும். கூடவே, அனுப்புகிறவர் அடுத்த மருத்துவமனையைத் தொலைபேசியில் அழைத்து, இடமும் இரத்தமும் இருப்பதை உறுதிசெய்த பின்னரே ஊர்தியை எடுக்கச் சொல்வது எல்லா இடத்திலும் கட்டாயமாகவேண்டும். தனியார் மருத்துவமனைகளும் இதற்கு விலக்காகக் கூடாது.

சென்ற மாதம் அவள் சான்றிதழ் ஒன்று வாங்கக் கல்லூரிக்கு வந்திருந்தாள். கைப்பையில் மருத்துவமனைத் தாள்களையும் வைத்திருந்தாள். எதற்கும் இருக்கட்டுமென்று எங்கு போனாலும் எடுத்துப் போகிறாளாம். வாங்கிப் பார்த்தோம். அனுமதித்த நேரம் இரவு 9.40 என்று இருந்தது. அதற்கு முந்தைய நேரம் எதுவும் அதில் இல்லை. சிகிச்சையகத்தில் கொடுத்த சீட்டு எங்கே என்று கேட்டோம். "சீட்டெல்லாம் ஒண்ணும் குடுக்கலம்மா. ஊசி போட்டு நூத்தைம்பது ரூபா வாங்கிக்கிட்டாங்க, அவ்வளவுதான்" என்றாள்.