மக்கு யார்?

என் இரண்டாவது பெண்ணை இரண்டு வருஷ காலம் 'மக்கு' என்று அழைத்தவன் நான். எழுத்தை விற்றுப் பிழைக்கிறவன் வீட்டில் பிறந்தும் அவளுக்கு வாசிக்க வரவில்லை. வரி தாண்டுவாள், கண்ணைக் கசக்குவாள், தலைவலி என்பாள். பாசாங்கு என்றேன். டியூஷன் வைத்தேன். பள்ளிக்கூடத்தில் மார்க்குக் குறைந்தவள் என்று கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார்கள். கரும்பலகை தெரியாத குழந்தையை இன்னும் தள்ளி உட்கார வைப்பதற்குப் பெயர் போதனை!

ஒரு நாள் விளையாட்டாக வலது கண்ணைப் பொத்திக்கொண்டவள், "அப்பா, காலண்டரிலே எழுத்தே இல்லை" என்றாள். ஏன் முன்பே சொல்லவில்லை என்று அதட்டினேன். "எல்லாருக்கும் இப்படித்தான்னு நினைச்சேன்" என்றாள்.

டாக்டர் சொன்னார்: இரு கண்ணிலும் சிதறல் பார்வை, இடது கண்ணில் மிக அதிகம். மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிட்டது. கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடிப் பழக்க வேண்டும். சின்ன வயசில் சீக்கிரம் பலிக்கும்; வயசு ஏற ஏறப் பலன் குறையும். அவளுக்கு அப்போது ஒன்பது.

உடனே வீட்டில் ரகளை. "பெண் குழந்தைக்கு மூக்குக் கண்ணாடியா? நாளைக்கு எவன்டா வந்து கட்டுவான்?" என்றாள் என் தாயார். பொன்னாங்கண்ணிக் கீரை போதுமாம். நல்ல கீரைதான். வைட்டமின் 'ஏ' குறைந்தால் மாலைக்கண் வரும். அதைத் தடுக்கச் சத்துள்ள ஆகாரம் வேண்டும். ஆனால் விழியின் வளைவைக் கீரை சீராக்குமா?

வாசிக்கத் திணறும் குழந்தைக்கெல்லாம் கண்ணில்தான் கோளாறு என்று நான் சொல்லவில்லை. பார்வை சரியாக இருந்தும் எழுத்துப் பிடிபடாத பிள்ளைகள் உண்டு. டிஸ்லெக்ஸியா என்கிறார்கள். அதைக் கண்ணாடியும் தீர்க்காது, கண் பயிற்சியும் தீர்க்காது. சொல்லிக்கொடுக்கும் முறை மாற வேண்டும். எது என்று தெரிய, முதலில் கண்ணைச் சோதிக்க வேண்டாமா?

சென்னையில் 1819-லேயே கண் ஆஸ்பத்திரி வந்தாயிற்று. இருநூறு வருஷம் கழித்தும் நாம் நன்கொடை கொடுத்து இடம் பிடிக்கிறோம், சீருடை தைக்கிறோம், ஜாதகம்கூடப் பார்க்கிறோம். கண்ணை மட்டும் பார்ப்பதில்லை.

என் பெண் இப்போது வாசிக்கிறாள். ஆனால் இடது கண் முழுக்கத் திரும்பவில்லை. அந்த இரண்டு வருஷத்தை நான் எங்கே போய் வாங்குவேன்?

உங்கள் வீட்டு 'மக்கை' இன்றைக்கே கூப்பிடுங்கள். ஒரு கண்ணைப் பொத்தி, பிறகு மறு கண்ணைப் பொத்தி, சுவரிலிருக்கும் காலண்டரை வாசிக்கச் சொல்லுங்கள். சரியாக வாசித்தாலும் ஒருமுறை கண் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.