துரு எங்கே இருக்கிறது?



பழைய கார் ஒன்றை வாங்க எண்ணியிருக்கும் அன்பர் ஒருவர், "வண்டியில் துருவைக் கண்டால் வேண்டாமென்று விட்டுவிடுவதா?" என்று வினவினார். உப்புக்காற்று வீசும் கடற்கரை ஊர்களில் வாழ்வோர், துருவே இல்லாத பழைய வண்டிதான் வேண்டுமென்றால் நடந்தே செல்ல நேரிடும். துரு எவ்வளவு என்பதைவிட, அது எங்கே இருக்கிறது என்பதையே முதலில் பார்க்கவேண்டும்.

இதை நான் பணம் கொடுத்துக் கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன் மாருதி 800 வண்டி ஒன்றை வாங்கினேன். வெளிவண்ணம் கண்ணாடிபோல் மின்னியது. முதல் மழை பெய்ததும் பின்னிருக்கையில் பிள்ளைகளின் கால்மாட்டில் ஈரம் தட்டியது. தரைவிரிப்பை நீக்கிய டிங்கர் திருப்புளியை மெல்ல ஊன்றினார். அது தகட்டைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டது! விரிப்பைத் தூக்கிப் பார்க்காமல் பணத்தை எண்ணிக் கொடுத்தவன் நான்தான்.

இத்தகைய கார்களுக்கு லாரிக்கு இருப்பதுபோல் தனிச் சட்டம் கிடையாது. தரைத்தகடும், கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற விளிம்பும் சேர்ந்தே வண்டியின் முதுகெலும்பாக அமைகின்றன. இருக்கைகள் பிணைக்கப்பட்டிருப்பதும் அங்கேதான். அங்கே விழும் ஓட்டையை அழகுக் குறைவாக மட்டும் எண்ணலாகாது. மோதல் நேரும்போது நம்மைக் காக்கவேண்டிய உறுதியே அங்கு இற்றுப் போயிருக்கும். சக்கரங்களின் ஷாக் அப்சார்பர் பொருந்தும் இடமும், பிரேக் எண்ணெய் செல்லும் இரும்புக் குழாயும் இவ்வாறே. இவற்றில் செதில் செதிலாகத் துரு உதிர்ந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

வண்ணத்தின்மீது சிறு கொப்புளங்கள் தெரிந்தால் ஏமாறவேண்டாம். இரும்பு துருவாகும்போது அதன் பருமன் பெருகி வண்ணத்தை மேலே தள்ளுகிறது. கதவின் அடிப்புறத்தில் நீர் வடியும் துளைகள் அடைபட்டால் தகடு உள்ளிருந்தே அரிக்கப்படும். கொப்புளம் வெளியே தெரியும்போது உள்ளே பாதி வேலை முடிந்திருக்கும். பட்டி பூசி மறைத்த இடங்களைக் கண்டறியச் சிறு காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். தடித்த பட்டியின்மீது அது ஒட்டாது. பிளாஸ்டிக் பாகங்களிலும் ஒட்டாது என்பதை நினைவிற் கொள்க. விற்பவரோடு வீண் சண்டை வேண்டாம். வண்டியின் அடிப்புறம் முழுவதும் புதிதாகக் கறுப்புப் பூச்சு பூசப்பட்டிருந்தால் எதற்காக என்று கேளுங்கள். துருவைச் சுரண்டாமல் அதன்மேல் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி அரிப்பு தொடரும்.

சைலென்சரின் மேல்துருவும், மழைக்குப் பின் பிரேக் தட்டில் படரும் செந்நிறமும் அஞ்சத்தக்கவை அல்ல. முன்னது தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். பின்னது நாலைந்து முறை பிரேக் போட்டதும் மறைந்துவிடும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் வேறு வகை. 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் தூத்துக்குடியிலும் எத்தனையோ கார்கள் நீரில் நின்றன. அத்தகைய வண்டி கழுவித் துடைக்கப்பட்டு விற்பனைக்கு வந்தாலும் சில அடையாளங்கள் எஞ்சும். இருக்கைக்கடியில் உள்ள தண்டவாளத்தையும் சுருள்வில்லையும் பாருங்கள். இருக்கைப் பட்டையை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள். சேற்றின் கோடு அதில் தென்படலாம். ஸ்டெப்னிச் சக்கரத்தின் அடியில் வண்டல் இருக்கிறதா, மின்கம்பி இணைப்புகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறதா என்றும் நோக்குங்கள்.

வினவிய அன்பரின் வண்டியை ஒரு பகற்பொழுதில் ஜாக்கி வைத்துத் தூக்கிப் பார்த்தோம். பின்கதவு ஒன்றின் அடியில் கொப்புளம், சைலென்சர் செந்நிறம், தரையும் விளிம்பும் தட்டினால் கணீரென்று ஒலித்தன. கதவைச் சீர்செய்யும் கூலியை விலையில் கழித்துக்கொண்டு வாங்கிவிடுங்கள் என்றேன்.