திருகினால் கரகர

வீட்டில் யார் ராஜா என்பதை ரேஷன் கார்டு சொல்லாது. ரேடியோவின் வால்யூம் குமிழ் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள், தெரிந்துவிடும். அப்பா செய்தி நேரத்தில் ஏற்றுவார், பரீட்சைக்குப் படிக்கிற பையன் இறக்குவான், பாட்டி வந்து மறுபடி ஏற்றுவாள். முப்பது, நாற்பது வருஷம் இந்த இழுபறியைத் தாங்கிய அந்தக் குமிழ் ஒருநாள் தொட்டாலே கரகரவென்று கத்தினால், அதைக் குற்றம் சொல்ல நமக்கு உரிமை கிடையாது.

நான் சொல்வது வால்வு ரேடியோ. மர்ஃபி, பிலிப்ஸ், புஷ், டெலிஃபங்கன் என்று பேர் பொறித்து, ஸ்விட்சைப் போட்டதும் பாடாமல், அரை நிமிஷம் யோசித்து, சூடேறி, அப்புறம் கனைத்துக்கொண்டு ஆரம்பிக்கும் மரப்பெட்டி. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எத்தனை பரண்களில் அது தூங்குகிறதோ! பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது கீழே இறங்கும். 'கரகரங்குது, காயலான் கடைக்குப் போட்டுடலாம்' என்று ஒரு குரல் வரும். அந்தக் குரலுக்கு எதிரான கட்சி என்னுடையது.

சென்னைக்கும் ரேடியோவுக்கும் உறவு பழசு. 1924-ல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி மதராஸ் மாகாண ரேடியோ கிளப்பை ஆரம்பித்தார். பணமில்லாமல் அது படுத்ததும், 1930-லிருந்து மாநகராட்சியே ஒலிபரப்பு நடத்தியது. 1938 ஜூன் 16-ல் அகில இந்திய வானொலி வந்தது. 1952-ல் அமைச்சர் கேஸ்கர் காலத்தில் சினிமாப் பாட்டு அங்கே அடங்கிப்போக, தேசமே முள்ளைத் திருப்பி இலங்கை வானொலி கேட்டது. 1957-ல் விவித் பாரதி வந்த பிறகுதான் ஜனங்கள் கொஞ்சம் வீடு திரும்பினார்கள். இவ்வளவையும் கேட்ட பெட்டியை எடைக்குப் போடுவதா?

சரி, வைத்தியத்துக்கு வருவோம். முதலில் ஒரு எச்சரிக்கை, இதில் விளையாட்டு வேண்டாம். வால்வு ரேடியோவுக்குள் 250, 300 வோல்ட் டி.சி. ஓடும். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டன்சர்களில் அது கொஞ்ச நேரம் குடியிருக்கும். தகுந்த ரெசிஸ்டர் ஒன்றின் வழியாக அதை வடித்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை உள்ளே போகலாம். ஏ.சி./டி.சி. இரண்டிலும் ஓடும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத செட் இன்னும் மோசம். அதில் சேசிஸ் தகடே மெயின்ஸோடு சம்பந்தி. குமிழைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்குரூவின் குழியை அந்தக் காலத்தில் மெழுகு வைத்து அடைத்ததற்கு அதுதான் காரணம். இதெல்லாம் பழக்கமில்லை என்றால் மெக்கானிக்கிடம் போங்கள். ஆனால் வியாதி என்னவென்று தெரிந்துகொண்டு போங்கள்.

குமிழுக்குப் பின்னால் இருப்பது ரொம்ப எளிமையான சமாசாரம். குதிரை லாடம் மாதிரி வளைந்த கார்பன் பாதை. அதன் மேல் நகரும் ஒரு உலோக நாக்கு. மூன்று கால்கள். ஒரு முனையில் பாட்டு வருகிறது, மறுமுனை சேசிஸில், அதாவது பூஜ்யத்தில். நாக்கு எங்கே நிற்கிறதோ அவ்வளவு சத்தம். பாதையில் தூசு சேர்ந்தால், நாக்கு தடுக்கித் தடுக்கி நகரும். அந்தத் தடுக்கல்தான் கரகர. காசிமேட்டுப் பக்கம் கடல் காற்று ஜன்னல் கம்பியையே தின்னுகிறது. இந்த நாக்கு எம்மாத்திரம்?

திருகும்போது மட்டும் கரகர என்றால் அழுக்கு. கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே வாங்கி, மூன்று கால்களுக்கு அருகே இருக்கும் சந்தில் ஒரு பீச்சு. பிறகு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இருபது, முப்பது தடவை திருகுங்கள். ஸ்ப்ரே நன்றாக உலரும் வரை கரன்ட் கொடுக்க வேண்டாம். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் கூடவே கூடாது. அன்றைக்குச் சுகமாக இருக்கும். அடுத்த மாசம் தெருப் புழுதி மொத்தமும் அதில் ஒட்டிக்கொள்ளும்.

திருகாமலே கரகர என்றால் குமிழ் நிரபராதி. வால்வு சாக்கெட், விட்டுப்போன சால்டரிங், கிழடாகிப் போன ரெசிஸ்டர் என்று வேறு யாரையாவது பிடிக்க வேண்டும். வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தாலும் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் ஓடுகிறதா? முதல் சந்தேகம் பவர் சப்ளையின் ஃபில்டர் கண்டன்சர் மேல்.

பூஜ்யத்தில் வைத்தும் பாட்டு அலறினால் சேசிஸ் பக்கக் கால் விட்டுப்போயிருக்கலாம். பாட்டுக்கு இறங்க வழியில்லை, பாவம், நிற்கிறது. பாட்டே வரவில்லை என்றால் நாக்கோ மேல்முனையோ துண்டித்திருக்கலாம்.

இன்னொரு கள்ளன் இருக்கிறான். சுத்தம் செய்தால் சரியாகிறது, பத்து நாளில் மறுபடி கரகர. பாட்டை மட்டும் விட்டு டி.சி.யைத் தடுக்க வேண்டியது பக்கத்தில் இருக்கும் பேப்பர் கண்டன்சரின் வேலை. வயசானால் அது மாமூல் வாங்கிக்கொண்டு டி.சி.யையும் உள்ளே விட ஆரம்பிக்கும். டி.சி. இருக்கிற பாதையில் நாக்கு நகர்ந்தால் பாதை புதுசானாலும் கத்தும். சில செட்டுகளில் அந்த இடத்தில் கொஞ்சம் டி.சி. இருப்பதே சரி, அதனால் சர்க்யூட் படம் பார்த்து முடிவெடுங்கள். கசிகிறது என்று தெரிந்தால் அதே அளவு பாலியெஸ்டர் கண்டன்சர் போடலாம். விலை சில ரூபாய்.

பாதையே தேய்ந்திருந்தால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் '500 கே' என்றோ 'ஒரு மெக்' என்றோ கேட்பதோடு நிறுத்தாமல் 'லாக்' என்று சேர்த்துக் கேளுங்கள். ஏன்? பி.காம். படித்தவர்களுக்கு இது சுலபம். குறைந்து செல் பயன்பாட்டு விதி! முதல் மசால் தோசை தரும் ஆனந்தத்தை நாலாவது தராது. காதும் அப்படித்தான். சத்தம் இரண்டு மடங்காகத் தோன்ற, வாட் ஏறத்தாழ பத்து மடங்கு ஏற வேண்டும். அதனால் லாக் கன்ட்ரோலில் பாதி தூரம் திருகினாலும் பத்து, பதினைந்து சதவீதம்தான் திறக்கும். காதுக்கு அது நிதானமாக ஏறுவதாகப் படும். லீனியர் மாட்டினால் முதல் கால் திருகிலேயே தெரு எழுந்து உட்காரும், மிச்ச முக்கால் திருகும் தண்டம். கடைக்காரர் எது தந்தாலும் குமிழை நடுவில் நிறுத்தி மீட்டரில் அளந்து பாருங்கள். இரண்டு பக்கமும் சமமாகக் காட்டினால் அது லீனியர்.

திருவொற்றியூரில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர். ஒரு தொழிற்சாலையின் பிரஸ் ஷாப்பில் முப்பது வருஷம். அவர் ரேடியோவின் குமிழை மெக்கானிக் கழற்றிக் காட்டினார். கார்பன் பாதையில் கடைசிக் கால் பாகம் மட்டும் வழித்தெடுத்த மாதிரி தேய்ந்திருந்தது. மற்ற இடம் புத்தம் புதுசு. 'இவரு காதுல ஷிஃப்ட் சங்கு இன்னும் ஊதிக்கினேகீது சார். வீட்ல ஒரு பேச்சு பேச முடியல' என்றார் அவர் மனைவி. மருமகள் கதவைச் சாத்திக்கொள்வாளாம். பேரன் ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்வானாம். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, 'சத்தம் கேக்குது தம்பி. என்னா சொல்றான்னுதான் புரியல' என்றார்.

மெக்கானிக் புது கன்ட்ரோல் மாட்டிவிட்டு, பக்கத்துக் குமிழைப் பார்த்தார். டோன். ஆரம்பத்திலிருந்து அடிக் கோடியில், கனத்த குரலுக்கென்று வைத்தபடியே இருந்தது. அதை மறுகோடிக்குத் திருகி, வால்யூமைப் பாதிக்குக் கீழே இறக்கினார். செய்தி வாசிப்பவர் போர்வையை விலக்கிவிட்டுப் பேசுவது போல இருந்தது. பெரியவர் காதை முன்னால் நீட்டிக் கேட்டு, 'அட, இப்ப வார்த்தை தெரியுது' என்றார்.

காரணம் உண்டு. நம் தொழிற்சாலை விதிகளில் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல்தான் எல்லை. வருஷக்கணக்கில் இரைச்சலில் நின்றவர்களுக்கு முதலில் போவது மேல் ஸ்தாயி. ச, ஸ, ட, த என்று வார்த்தையை வெட்டித் தரும் எழுத்துகள் அங்கேதான் இருக்கின்றன. 'ஆ', 'ஓ' எல்லாம் கேட்கும், வார்த்தை கேட்காது. வால்யூமை ஏற்றினால் 'ஆ', 'ஓ'தான் இன்னும் பெரிசாகும். போன செவி திரும்பி வராது. ஆனால் என்ன மிச்சம் என்று அளக்கலாம். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு இருக்கிறது. பெரியவரைப் பேரனே கூட்டிப்போனான்.

ஆகவே, உங்கள் வீட்டிலும் யாராவது குமிழைக் கடைசி வரை திருகினால் கத்தாதீர்கள். முதலில் டோனைப் பாருங்கள். அப்புறம் கண்டன்சர். அப்புறம் காது. காயலான் கடைக்காரர் காத்திருக்கட்டும், அவருக்கு நம் வீட்டில் வேறு எத்தனையோ சாமான் இருக்கிறது.