ஒரே மேடை, ஒரே கேள்வி

அறிவியல் உரை, புதிய இசை, உளவியல் பேச்சு மூன்றையும் ஒரே மாலையில் தரும் கூட்டங்களால் பயன் உண்டா? 1965 மே மாதம் அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு கச்சேரி இதற்கு நல்ல பதில். இசையமைப்பாளர் ஆல்வின் லூசியர் தலையில் மின்முனைகளைப் பொருத்திக்கொண்டு, மேடையில் கண்ணை மூடி அசையாமல் உட்கார்ந்தார். மனம் அடங்கியிருக்கும்போது மூளையில் எழும் ஆல்ஃபா அலைகள் நொடிக்குச் சுமார் 10 முறை அதிர்பவை, காதுக்கு எட்டாதவை. அவற்றைப் பல மடங்கு பெருக்கி ஒலிபெருக்கிகளுக்கு அனுப்பியதும், அந்த அதிர்வில் அருகிலிருந்த தாளக்கருவிகள் முழங்கின. மூளை அலைக் கருவிகளைக் கொடுத்து உதவியவர் ஓர் இயற்பியலாளர். கலைஞரின் மனம் அலைபாய்ந்தால் ஆல்ஃபா அலை மங்கும், முழக்கமும் ஓயும். இங்கே மூன்றில் எதை நீக்கினாலும் நிகழ்ச்சியே இல்லை.

இத்தகைய கூட்டங்களுக்கு உரைகல் இதுதான். அரைமணி உரை, அரைமணி இசை என்று அடுக்கினால் மட்டும் போதாது. ஒரே கேள்வி மூன்று துறைகளையும் இழுக்க வேண்டும். அதற்கான கேள்வி நம் மிருதங்கத்திலேயே இருக்கிறது. சாதாரணத் தோல்வாத்தியத்தின் மேல்சுரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. மிருதங்கத்தின் வலப்பக்க முகமான வலந்தலையின் நடுவிலுள்ள கரும்பூச்சின் எடை அவற்றை முழு எண் விகிதங்களுக்குக் கொண்டுவருகிறது. அதனால்தான் மிருதங்கம் சுருதியோடு சேர்கிறது. சி.வி.ராமன் இதை 1920-இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் எழுதினார். ஆனால், அந்த விகிதங்கள் நமக்கு ஏன் இனிக்கின்றன என்பதை இயற்பியலால் மட்டும் சொல்ல முடியாது. பொலிவியாவின் அமேசான் பகுதியில் வாழும் சிமானே மக்கள் இசைந்த ஒலிகளையும் இசையாத ஒலிகளையும் ஒரேயளவு இனிமையாகவே மதிப்பிட்டதாக 2016-இல் ஓர் ஆய்வு வெளியானது. அப்படியானால் இனிமையில் பழக்கத்தின் பங்கு எவ்வளவு? இங்கே உளவியலாளர் பேசியாக வேண்டும். வித்வான் வாசித்துக் காட்டியாக வேண்டும்.

விளக்கினால் ரசனை கெடும் என்பார்கள். ஆனால், சுருதி சேர்ப்பதன் நுணுக்கம் தெரிந்த ரசிகர் கச்சேரியைக் கூடுதலாகத்தான் அனுபவிக்கிறார். அறிவியல் நுனிப்புல் மேய்ச்சலாகிவிடும் என்ற அச்சத்தில் நியாயம் உண்டு. 1993-இல் கலிபோர்னியாவில் 36 கல்லூரி மாணவர்கள் மோட்சார்ட் இசையை 10 நிமிடம் கேட்டபின், இடவடிவம் சார்ந்த சோதனைகளில் சற்றுக் கூடுதல் மதிப்பெண் பெற்றார்கள். அந்தப் பலன் கால்மணி நேரத்துக்கு மேல் நீடிக்கவில்லை. ஆனால் இசை கேட்டால் குழந்தைக்கு அறிவு வளரும் என்று அது ஊதிப்பெருக்கப்பட்டது. பிறக்கும் குழந்தைகளுக்கு இசைத்தட்டு வழங்க 1998-இல் ஜார்ஜியா மாநில ஆளுநர் அரசுப் பணம் கேட்டார். சோதிக்கப்பட்டவர்கள் யார், எத்தனை பேர், பலன் எவ்வளவு நேரம் நீடித்தது என்று கேட்கும் சபை முன்னால் இந்தக் கதை எடுபட்டிருக்காது. மேலோட்டமான அறிவியலுக்கு மருந்து, ஆய்வாளரும் கலைஞரும் ஒருவரையொருவர் மடக்கிக் கேட்கும் மேடையே.

சென்னைக்கு இது புதிதல்ல. மியூசிக் அகாடமியில் டிசம்பர் காலைகளில் நடக்கும் செயல்விளக்க உரைகளுக்கென்று ரசிகர்கள் இருக்கிறார்கள். சபாக்கள் சீசனில் ஒரு மாலையை இப்படி ஒரே கேள்விக்கு ஒதுக்கட்டும். இயற்பியலாளரையும் உளவியலாளரையும் வித்வானோடு மேடையேற்றட்டும். பாதி நேரத்தைக் கேட்பவர்களின் கேள்விகளுக்குத் தரட்டும். காதும் அறிவும் ஒன்றாகத் தீட்டப்படும் இடம் நம் ஊருக்கு வேண்டும்.