ஆவுளியாவுக்கு யார் காவல்?

பசு எங்கே மேயும்? வயலில் மேயும்; வரப்பில் மேயும்; நகரத்தில் என்றால் சுவரொட்டியைக்கூட மேயும். கடலுக்கு அடியில் மேயும் பசுவைத் தெரியுமா?

அதன் பெயர் கடற்பசு. பாக் விரிகுடாக் கரையில் வாழும் மீனவர்கள் 'ஆவுளியா' என்பார்கள். பெயரில்தான் பசு. உறவு முறை பார்த்தால் யானைக்குத்தான் நெருங்கிய சொந்தம்! கடலில் வாழ்ந்தாலும் அது மீன் இல்லை. நம்மைப் போலவே நுரையீரலால் மூச்சு விடும். குட்டி போட்டுப் பால் கொடுக்கும். சுமார் 3 மீட்டர் நீளம், 400 கிலோ எடை வரை வளரும். தினமும் 30, 40 கிலோ கடற்புல்லைத் தின்னும். யாரையும் கடிக்காது, துரத்தாது. அதுபாட்டுக்கு மேயும், சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்கும், மறுபடியும் உள்ளே போய்விடும்.

இந்தச் சாதுப் பிராணிக்காகத் தமிழக அரசு 2022 செப்டம்பரில் ஒரு நல்ல காரியம் செய்தது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில், 448 சதுர கிலோமீட்டர் கடலைக் 'கடற்பசு பாதுகாப்பகம்' என்று அறிவித்தது. இந்தியாவில் கடற்பசுவுக்காக அமைந்த முதல் பாதுகாப்பகம் இதுதான். அப்போது அரசு சொன்ன கணக்குப்படி, நாடு முழுவதும் சேர்த்தே சுமார் 240 கடற்பசுக்கள்தான் இருந்தன. ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில், ஒரு வகுப்பின் எல்லாப் பிரிவுகளையும் கூட்டினால் வரும் எண்ணிக்கை, அவ்வளவுதான்!

கடலில் கோடு கிழித்தாயிற்று. வேலை முடிந்ததா? இல்லை. காட்டுக்கு வேலி போடலாம். கடலுக்கு யார் வேலி போடுவது? அங்கே காவல் காக்கப் போவது யார்? இதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வேண்டும்.

ஒன்று போனால்...

முதலில் ஒரு கணக்கு. தாய்க் கடற்பசு ஒரு குட்டியை ஓராண்டுக்கு மேல் வயிற்றில் சுமக்கும். ஒரு பிரசவத்தில் பெரும்பாலும் ஒரே குட்டி. அடுத்த குட்டிக்கு 3 முதல் 7 ஆண்டு வரை ஆகும். அதாவது, நீங்கள் மூன்றாம் வகுப்பில் இருக்கும்போது குட்டி போட்ட கடற்பசு, அடுத்த குட்டி போடுவதற்குள் நீங்கள் பத்தாம் வகுப்புக்கே வந்துவிடலாம்! இப்படி மெதுவாகப் பெருகும் இனத்தில், வருடத்துக்கு நாலைந்து வலையில் சிக்கிச் செத்தாலும் அந்த இடத்தை நிரப்புவது கடினம்.

முன்பு இறைச்சிக்காக இதை வேட்டையாடினார்கள். இப்போது சட்டம் கடுமையாக இருக்கிறது. 1972ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், புலி, யானைக்கு உள்ள அதே முதல் அட்டவணையில் கடற்பசுவும் இருக்கிறது. வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. ஆனால், இன்றைக்குப் பெரிய ஆபத்து வேட்டைக்காரன் அல்ல. மீனுக்காக விரித்த வலையில் கடற்பசு தானாக வந்து மாட்டிக்கொள்கிறது. மேலே வந்து மூச்சு விட முடியாமல், சில நிமிடங்களிலேயே மூச்சுத் திணறி இறந்துபோகிறது. இன்னொரு ஆபத்து, கடலின் அடித்தரையை வாரி இழுக்கும் விசைப்படகு மடிகள். அவை புல்வெளியையே பெயர்த்து எடுத்துவிடும். புல் இல்லாத இடத்தில் பசுவுக்கு என்ன வேலை?

எப்படி எண்ணுவது?

கடற்பசுவைக் காப்பாற்ற வேண்டுமென்றால், அது எங்கே இருக்கிறது, எத்தனை இருக்கிறது என்று தெரிய வேண்டும். இது லேசான வேலை இல்லை. மூச்சு விட மேலே வரும்போதும் மூக்கு நுனியை மட்டும் காட்டிவிட்டு மறைந்துவிடும். தண்ணீர் கலங்கல் வேறு.

அதனால், விஞ்ஞானிகள் பல வழிகளில் தேடுகிறார்கள். டிரோன் எனப்படும் குட்டி விமானத்தைப் பறக்கவிட்டு மேலிருந்து படம் எடுக்கிறார்கள். தண்ணீரில் மூழ்கி, புல்வெளியில் மேய்ந்த தடம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். கடற்பசு புல்லை வேரோடு பிடுங்கித் தின்னும். போன வழியெல்லாம் ஏர் உழுத சால் போல நீளமாகத் தெரியும். இறந்து கரை ஒதுங்கினால் காரணத்தை ஆராய்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மீனவர்களைக் கேட்கிறார்கள். டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனம், மீனவர்களையே தன்னார்வலர்களாகச் சேர்த்து, பார்த்த இடத்தையும் நேரத்தையும் தெரிவிக்கச் சொல்லிப் பழக்கியது.

ஏன் மீனவர்? ஆராய்ச்சிப் படகு மாதத்தில் சில நாள் போகும். வனத்துறைப் படகும் எல்லா இடத்திலும் இருக்க முடியாது. அதிராம்பட்டினத்திலும் மல்லிப்பட்டினத்திலும் மணமேல்குடியிலும் இருந்து நாட்டுப்படகு தினமும் போகிறதே! கடலில் அத்தனை கண்கள் வேறு யாருக்கு இருக்கின்றன?

அறுந்த வலைக்கு யார் பொறுப்பு?

'வலையில் கடற்பசு சிக்கினால், அந்த மீனவரைப் பிடித்து உள்ளே போட வேண்டும்' என்று சிலர் பேசுவதைக் கேட்கலாம். வேண்டுமென்றே கொல்பவருக்கு அந்தத் தண்டனை சரிதான். ஆனால், தெரியாமல் சிக்கியதற்கும் பயமுறுத்தினால் என்ன ஆகும்? யோசித்துப் பாருங்கள். அவர் சொல்லவே மாட்டார். செத்த கடற்பசுவைச் சத்தமில்லாமல் கடலிலேயே அமுக்கிவிடுவார். எத்தனை இறந்தது, எங்கே இறந்தது, எந்த வலையால் இறந்தது என்று யாருக்கும் தெரியாது. நோயைச் சொல்ல நோயாளி பயந்தால், டாக்டர் எப்படி மருந்து கொடுப்பார்?

வலையில் உயிரோடு சிக்கிய கடற்பசுவை விட, மீனவர் தன் வலையைத் தானே அறுக்க வேண்டியிருக்கும். அன்றைய மீனும் போகும். வலை என்பது ஆயிரக்கணக்கான ரூபாய். பல வீடுகளில் கடன் வாங்கி வாங்கியதாகக்கூட இருக்கும். அப்படியும், பாக் விரிகுடாவில் மீனவர்கள் வலையை அறுத்து ஆவுளியாவைக் கடலில் விட்ட செய்திகள் பலமுறை வந்திருக்கின்றன. வனத்துறையும் அவர்களைக் கூப்பிட்டுப் பாராட்டி, பரிசுத் தொகை கொடுத்திருக்கிறது.

என் கருத்து இதுதான்: பாராட்டு நல்லது, ஆனால், பாராட்டு மட்டும் போதாது. அறுந்த வலையின் முழு விலையும், நாள் கடத்தாமல், அலைய விடாமல் அவர் கைக்கு வர வேண்டும். அது பரிசு இல்லை. அவருக்குச் சேர வேண்டிய பணம். கடற்பசு நம் எல்லாருக்கும் சொந்தம் என்கிறோம். அப்படியென்றால், அதைக் காப்பாற்றும் செலவை ஒரு ஏழை மட்டும் சுமப்பது நியாயமா?

வயிறா, விலங்கா?

'மனிதன் வயிறு காயும்போது விலங்கு முக்கியமா?' என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். பதிலும் கடலுக்குள்ளேயே இருக்கிறது. கடற்புல்வெளி என்பது மீன் குஞ்சுகளுக்கும் இறாலுக்கும் நண்டுக்கும் தொட்டில். பெரிய மீன்களிடமிருந்து அவை ஒளிந்து வளர்வது அங்கேதான். கடற்பசு மேய்வதால் பழைய புல் போய்ப் புதுத் தளிர் வருகிறது. அதன் சாணத்தோடு புல் விதைகளும் பல இடங்களுக்குப் போய்ச் சேருகின்றன. ஆக, கடற்பசு இருக்கும் கடலில் புல் செழிக்கும். புல் இருக்கும் கடலில் மீன் இருக்கும். அங்கே அடுப்பும் எரியும். அதனால்தான் இந்தப் பாதுகாப்பகத்தில் மீன்பிடிப்பை அடியோடு நிறுத்தவில்லை.

கடலோரத்து மக்கள் இதைப் புரிந்துகொள்வார்களா? பக்கத்தில் மன்னார் வளைகுடாவைப் பாருங்கள். அங்கே 21 தீவுகளைச் சுற்றி 1986ல் கடல் தேசியப் பூங்கா அமைந்தது. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததில், இரண்டு தீவுகள் தண்ணீரில் மூழ்கிவிட்டன. அதே பகுதியில், கடற்பாசி சேகரித்துப் பிழைக்கும் பெண்கள் தங்களுக்குத் தாங்களே விதி போட்டுக்கொண்டார்கள். பாறையைச் சுரண்டும் இரும்புக் கருவி வேண்டாம்; மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி எடுத்தால் போதும் என்று முடிவு செய்தார்கள். பாசி மறுபடி வளர்ந்தால்தான் நாளைக்கும் சோறு என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கூடிப் பேசி எடுத்த முடிவுக்கு உள்ள பலம் அது.

27 ஆண்டுகள்

கடைசியாக ஒரு சோகக் கதை. நம் கடற்பசுவுக்கு ஒரு பெரிய சொந்தக்காரன் இருந்தது. பெயர் ஸ்டெல்லர் கடற்பசு. சுமார் 8 மீட்டர் நீளம். ரஷ்யாவின் கிழக்குக் கோடியில், பெரிங் கடல் தீவுகளைச் சுற்றி மேய்ந்துகொண்டிருந்தது. ஜார்ஜ் ஸ்டெல்லர் என்ற அறிஞர் 1741ல் அதைப் பார்த்து எழுதினார். அந்த வழியாகப் போன வேட்டைக்காரர்கள் இறைச்சிக்காக அதைக் கொன்றுகொண்டே இருந்தார்கள். 1768க்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. கண்டுபிடித்து 27 ஆண்டுகளில் கணக்கு முடிந்துவிட்டது! எத்தனை மிச்சம் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க அங்கே யாருமில்லை.

இங்கே எண்ணுவதற்கு ஆள் இருக்கிறது. சட்டம் இருக்கிறது. வலையை அறுக்கும் மனசும் இருக்கிறது. உங்கள் வீடு கடற்கரையில் இருந்தால், ஆவுளியா சிக்கியதாகவோ, கரை ஒதுங்கியதாகவோ கேள்விப்பட்டவுடன் பெரியவர்கள் மூலம் வனத்துறைக்குச் சொல்லுங்கள். உள்ளூர்ப் பிள்ளைகளா? கடற்கரைக்குச் சுற்றுலா போகும்போது பிளாஸ்டிக் பையைக் கடலில் விடாதீர்கள். யாராவது பவளப்பாறைத் துண்டை விற்றால், 'வேண்டாம்' என்று சொல்லுங்கள். அதை விற்பதும் குற்றம்.

இன்னொன்றும் செய்யலாம். வலையை அறுத்து ஒரு கடற்பசுவை விட்ட மீனவரைப் பற்றிச் செய்தித்தாளில் படித்தால், அதை வெட்டி வகுப்புப் பலகையில் ஒட்டுங்கள். கிரிக்கெட் வீரர் படம் ஒட்டும் இடத்தில் அவருக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள். சம்பளம் இல்லாமல் நம் கடலுக்குக் காவல் இருப்பவர் அவர்தானே!