மூன்று சதவீத அச்சம்

2024 டிசம்பர் 27 அன்று சிலியில் உள்ள அட்லஸ் தொலைநோக்கி ஒரு சிறுகோளைக் கண்டது. 2024 ஒய்ஆர்4 எனப் பெயர் பெற்ற அது, 2032 டிசம்பர் 22இல் பூமியில் மோதக்கூடிய வாய்ப்பு ஜனவரி இறுதியில் ஒரு சதவீதத்தைத் தாண்டியது. பிப்ரவரி 18இல் 3.1 சதவீதம். மோதக்கூடிய பாதையில் தெற்காசியாவும் இருந்ததால் இங்கும் பரபரப்பு. அடுத்த ஒரு வாரத்தில் அந்த வாய்ப்பு ஏறக்குறைய பூஜ்யமாகிவிட்டது. முதல் செய்தியைப் படித்தவர்களில் எத்தனை பேருக்கு இரண்டாவது செய்தி போய்ச் சேர்ந்தது?

இதற்கு ஊடகங்களை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. ஒரு சதவீதத்தைத் தாண்டினால் அறிவிப்பது பன்னாட்டுச் சிறுகோள் எச்சரிக்கை வலையமைப்பின் நடைமுறை. மாறிவந்த மதிப்பீடுகளை நாசாவே வெளியிட்டது. அதைச் செய்தியாக்காமல் விட்டிருந்தால் "மறைத்துவிட்டார்கள்" என்ற பழி வந்திருக்கும். ஆபத்தும் கற்பனையல்ல. 2013இல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் வானில் வெடித்த கல்லின் குறுக்களவு சுமார் 20 மீட்டர்தான். சுமார் 1,500 பேர் சிகிச்சை தேட நேர்ந்தது. ஒய்ஆர்4 அதைப்போல் மூன்று மடங்கு.

விஞ்ஞானிகளின் ஆதங்கத்திலும் நியாயம் உண்டு. எண் ஏறியதை எல்லோரும் சொன்னார்கள். ஏன் ஏறியது என்பதைச் சொன்னவர்கள் குறைவு. சில வாரங்களே கவனித்த ஒரு கல், எட்டு ஆண்டுகள் கழித்து எந்தப் புள்ளியில் இருக்கும் என்று சொல்ல முடியாது. லட்சக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு பட்டைக்குள் எங்கோ இருக்கும் என்றுதான் சொல்லலாம். கவனிக்கக் கவனிக்க அந்தப் பட்டை சுருங்கும். பூமி அதற்குள் இருக்கும்வரை, சுருங்கிய பட்டையில் பூமி அடைத்துக்கொள்ளும் பங்கு கூடிக்கொண்டே போகும்; சதவீதமும் ஏறும். பட்டையின் விளிம்பு பூமியைக் கடந்து விலகியதும் எண் சட்டென்று சரியும். அதாவது, ஏறிய நாட்களிலும் கல் நம்மை நோக்கித் திரும்பிவிடவில்லை. நம் கணக்குதான் கூர்மையாகிக்கொண்டிருந்தது. 2004 டிசம்பரில் அபோபிஸ் சிறுகோளுக்கும் இதுவே நடந்தது: 2.7 சதவீதம்வரை ஏறி, பிறகு இறங்கியது.

வாசகர்களான நமக்கும் இதில் பங்கு உண்டு. பயமுறுத்தும் செய்தியைப் பகிர்ந்த கை, ஆறுதல் செய்தியைப் பகிர்வதில்லை.

அதே அபோபிஸ், நம் நேரப்படி 2029 ஏப்ரல் 14 அதிகாலையில், சித்திரைப் புத்தாண்டு விடியும் முன், பூமியின் பரப்பிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர் தொலைவில் கடந்து செல்லும். தகவல் தொடர்புச் செயற்கைக்கோள்கள் பல இதைவிட உயரத்தில் சுற்றுகின்றன. குறைந்தது 100 ஆண்டுகளுக்கு அது மோதாது என்று 2021இலேயே உறுதியாகிவிட்டது. ஆனாலும் எரியும் பூமியின் படத்தோடு யூடியூப் காணொளிகள் வராமல் இருக்கும் என்று நம்புவது கொஞ்சம் அதிகம்தான்.

அதற்குள் செய்யக்கூடியவை பெரிய செலவில்லாதவை. தமிழில் விளக்கக்கூடிய வானியலாளர்களின் தொடர்பு எண்களைச் செய்தி அறைகள் இப்போதே குறித்துவைக்கலாம். எண் மாறும் செய்திகளில் காரணத்தையும் இரண்டு வரி சேர்க்கலாம். முடிவுச் செய்தியை முதல் செய்தி வந்த அதே பக்கத்தில் வெளியிடலாம். ஆய்வு நிறுவனங்கள் ஆங்கில அறிக்கையோடு தமிழ்க் குறிப்பும் தரலாம். கிழக்கு அரைக்கோளத்தில் பல இடங்களில் அபோபிஸ் வெறுங்கண்ணுக்கே தெரியும் என்கிறார்கள். புத்தாண்டு விடுமுறைதானே, பிள்ளைகளை அதற்கு முந்தைய இரவு விழித்திருக்கச் சொல்லவும் தடையில்லை. எங்கே, எத்தனை மணிக்கு, எந்தத் திசையில் பார்ப்பது என்ற தகவல் ஊர் ஊராகப் போக வேண்டும். தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் பள்ளி ஆசிரியர்களும் உள்ளூர்ச் செய்தியாளர்களும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் அது முடியும்.